விலை எழுதாத பட்டியல்

உணவைப் பற்றி ஒரு குருவானவர் எழுதப் புகுந்தால், அது நோன்பைப் பற்றியோ ஒறுத்தலைப் பற்றியோ இருக்கும் என்றே வாசக அன்பர்கள் எதிர்பார்ப்பீர்கள். ஒருசந்தியையும் சுத்தபோசனத்தையும் பற்றி மறையுரைகளில் நாம் பேசியது கொஞ்சமன்று. இம்முறையோ ஒரு பெருவிருந்தைப் பற்றி எழுத எண்ணுகிறோம். அவ்விருந்தில் நாமே விருந்தினராய் அமர்ந்தோம், வயிறார உண்டோம், உண்டு முடித்து வெளியேறுகையில் வாயிலில் நின்று ஒரு சொல் சொன்னோம். அந்த ஒரு சொல்லைப் பற்றியதே இக்கட்டுரை.

நாம் குருப்பட்டம் பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுற்றது 2019-ஆம் ஆண்டில். பங்குமக்கள் தங்களுக்குள் காணிக்கை திரட்டி, லூர்து நகருக்கும், பங்குக்குருக்களின் பாதுகாவலராகிய புனித ஜான் மரிய வியான்னி வாழ்ந்த ஆர்ஸ் என்னும் சிற்றூருக்கும் நம்மைத் திருப்பயணம் அனுப்பி வைத்தனர். புறப்படுவதற்கு முந்தின மாலை, நூறு நாள் வேலைக்குச் சென்று பிழைக்கும் ஒரு கைம்பெண் தூக்குச்சட்டியில் கோழிக்குழம்பு கொண்டு வந்தார். "இருந்தது ஒண்ணுதான் சாமி. முட்டை வச்சுக்கிட்டு இருந்துச்சு. நீங்க தூரதேசம் போறீங்களேன்னு அடிச்சுட்டேன்" என்றார். நாம் மகிழ்ந்து உண்டோம். குழம்பு நன்றாயிருக்கிறது என்று பாராட்டி, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டோம். இந்நிகழ்ச்சியை இங்கே சொல்லி வைக்கிறோம். இதன் பொருள் நமக்கே பின்னர்தான் விளங்கிற்று.

பிப்ரவரி 11 அன்று லூர்து மாதாவின் திருநாளைக் கெபியருகே கொண்டாடிவிட்டு, கிழக்கே லியோன் மாநகருக்குச் சென்றோம். ரோன், சோன் என்னும் இரு ஆறுகள் கூடும் நகரம் அது. 177-ஆம் ஆண்டிலேயே, அடிமைப் பெண்ணான பிளாந்தினா முதலிய வேதசாட்சிகள் இரத்தம் சிந்திய மண். புனித இரேனேயு ஆயராய் வீற்றிருந்த இடம். அந்நகரில் நம்மை எதிர்கொண்டழைத்தவர் எண்பது வயதான ஒரு பெரியவர். அவரை அதற்கு முன் நாம் கண்டதில்லை. கடிதங்கள் வழியாகவே அறிவோம்.

அவருடைய பாட்டியாரின் உடன்பிறந்த தம்பி, பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த குரு. தமிழகம் வந்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, நம் பங்கிலேயே இறந்து, நம் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். கல்லறையில் படர்ந்திருந்த செடிகொடிகளை அகற்றிச் சுண்ணாம்பு பூசி, ஒரு நிழற்படம் எடுத்துப் பாரிஸிலுள்ள சபையின் தலைமை இல்லத்துக்கு நாம் அனுப்பியிருந்தோம். அது எப்படியோ இப்பெரியவரின் கைக்குச் சேர்ந்தது. அன்று தொடங்கியது கடிதப் போக்குவரத்து. குருமடத்தில் ஒரு முதிய பிரெஞ்சுக் குருவிடம் நாம் கற்றிருந்த அரைகுறை மொழி அப்போது கைகொடுத்தது.

"நாளை உங்களை ஆர்ஸுக்கு அழைத்துச் செல்வேன். இன்றிரவு நீங்கள் என்னுடன் உணவருந்த வேண்டும்" என்றார் பெரியவர். வீட்டில்தான் விருந்து என்று எண்ணினோம். அவரோ நகரின் புகழ்பெற்ற உணவகம் ஒன்றின் வாயிலில் தமது பழைய சிறிய காரை நிறுத்தினார். மேசைக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாராம்.

உணவகம் என்றவுடன் நம்மவர் மனத்தில் எழும் ஆரவாரம் அங்கே இல்லை. வெண்துகில் விரித்த மேசைகள், ஒன்றுக்கொன்று எட்டியிருந்தன. மக்கள் தாழ்ந்த குரலில் பேசினர். ஒவ்வொருவர் முன்னும் தட்டின் இருபுறமும் முள்கரண்டிகளும் கத்திகளும் வரிசையாய் இருந்தன. திகைத்து நோக்கிய நம்மிடம், "வெளியிலிருந்து உள்நோக்கி எடுத்துக்கொண்டே வாருங்கள், ஒவ்வோர் உணவுக்கும் ஓர் இணை. கடைசி உணவு வரும்போது கடைசிக் கரண்டிதான் எஞ்சியிருக்கும்" என்று புன்னகையோடு சொல்லிக் கொடுத்தார் பெரியவர். நாம் சிலுவை அடையாளம் வரைந்து உணவுக்கு முன் செபம் சொன்னபோது, தட்டை ஏந்தி வந்த பணியாளர் செபம் முடியும்வரை அசையாது நின்றார். அந்த மரியாதை நம் நெஞ்சைத் தொட்டது.

உணவுப் பட்டியல் அச்சிட்ட பெரிய அட்டை ஒன்றை நம் கையில் தந்தனர். அதில் உணவுகளின் பெயர்கள் இருந்தன. விலை மட்டும் எங்குமே இல்லை. இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே விலை போலும் என்று வெகுளியாய் நினைத்துக்கொண்டோம். உண்மை வேறு. இத்தகைய உயர்ந்த உணவகங்களில் பழைய வழக்கம் ஒன்றுண்டு. விருந்தளிப்பவரின் கையிலுள்ள அட்டையில் மட்டுமே விலை இருக்கும்; விருந்தினரின் அட்டையில் இராது. விருந்துண்பவர் விலையைக் கண்டு கூசி, மலிவானதைத் தேடிக் கேட்டுவிடலாகாது என்பதே அதன் கருத்து.

முதலில் விரல்நுனி அளவே ஆன இரு பண்டங்கள் வந்தன. வாயை மகிழ்விப்பது என்பது அவற்றின் பெயருக்குப் பொருளாம். அடுத்து, பைக் என்னும் ஆற்றுமீனின் சதையை அரைத்து, முட்டையும் வெண்ணெயும் சேர்த்துப் பஞ்சுபோல் ஆக்கிய கெனெல் வந்தது. நன்னீர் இறாலை ஒத்த ஓர் உயிரினத்தின் சாறு அதன்மேல் ஊற்றப்பட்டிருந்தது. இது லியோனுக்கே உரிய உணவு. முள் நிறைந்த மலிவான மீனை இப்படி முள்ளின்றி மென்மையாக்கிய கைத்திறனை வியந்தோம்.

உணவு வருவதற்கு இடையிலெல்லாம் பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். பள்ளி ஆசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவராதலின் எதையும் வகுப்பெடுப்பது போலவே விளக்குவார். 'ரெஸ்தோரான்' என்னும் சொல் முதலில் ஓர் இடத்தைக் குறிக்கவில்லையாம். நோயுற்றோர்க்கும் தளர்ந்தோர்க்கும் மீண்டும் வலிமை தரும் இறைச்சிச் சாற்றுக்கே பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் அப்பெயர் இருந்தது. பின்னரே அச்சாற்றை விற்கும் கடைக்கும் அது பெயராயிற்று. 1760-களில் அத்தகைய கடைக்காரர் ஒருவர், உழைத்துக் களைத்தோரைத் தம்மிடம் வரச்சொல்லி ஆண்டவர் விடுத்த அழைப்பைச் சற்றே மாற்றி, வயிறு நொந்தவர்கள் தம்மிடம் வருமாறு இலத்தீனில் எழுதித் தம் கடை முகப்பில் வைத்தார் என்று ஒரு செவிவழிக் கதையும் உண்டு. "ஆக, உணவகம் என்பது பிறந்தபோது அது நோயாளிகளின் இடம், தந்தையே!" என்று சொல்லிப் பெரியவர் நகைத்தார். நாமும் நகைத்தோம். எனினும் நம் உள்ளத்தில் ஒரு முள் அப்போதே உறுத்தத் தொடங்கியிருந்தது. சுற்றியிருந்தோரில் நோயாளிகளாகவோ களைத்தவர்களாகவோ ஒருவரும் தென்படவில்லை.

அதன் பின்னர் விருந்தின் தலையாய உணவு வெள்ளி மூடியின்கீழ் வந்தது. முழுக்கோழி ஒன்று. பிரெஸ் என்னும் அண்டைப் பகுதியில் வளர்க்கப்படும் கோழி அது. வெண்சிறகும் சிவந்த கொண்டையும் நீலக் கால்களும் உடையது; பிரான்சின் கொடியையே உடுத்த பறவை என்று அந்நாட்டார் பெருமை பேசுவர். 1957 முதல் அப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. புல்வெளியில் மேயவிட்டு, தானியமும் பாற்பொருளும் ஊட்டி அதனை வளர்க்க வேண்டும்; கோழி ஒன்றுக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் புல்தரை இருக்க வேண்டும் என்பது விதி. நம் பங்கில் ஒரு குடும்பமே குடியிருக்கும் அறையை நாம் நினைத்துக்கொண்டோம்.

அக்கோழியின் தோலுக்கடியில், மண்ணுக்குள் விளையும் கரிய காளான் வகையான திரஃபிள் வில்லைகளைச் செருகி வேகவைத்திருந்தனர். வெண்தோலினூடே கருமை தெரிவதால் அதற்குப் 'பாதித் துக்கம்' என்று பெயர். கணவனை இழந்த பெண், முழுக் கருப்பு உடுத்தும் காலம் கழிந்தபின் கருப்பும் வெள்ளையும் கலந்து உடுத்திய பழைய வழக்கத்தை ஒட்டி வந்த பெயராம். கைம்பெண்ணின் உடை ஒரு விருந்துக்குப் பெயராயிற்று.

இவ்வுணவைப் புகழ்பெறச் செய்தவர் எழேனி பிராசியே என்னும் அம்மையார். 1895-இல் பிரெஸ் பகுதியை ஒட்டிய சிற்றூரில் ஏழை வீட்டில் பிறந்தவர். பத்து வயதில் தாயை இழந்து, பண்ணைகளில் வேலைக்கு விடப்பட்டார். மணமாகாமலே இளமையில் தாயானதால் தந்தையின் வீட்டில் அவருக்கு இடமில்லாது போயிற்று. கைக்குழந்தையைப் பிறரிடம் வளரவிட்டு, லியோனில் செல்வர் வீட்டுப் பணிப்பெண்ணானார். அங்கே அடுப்படியில் கற்ற கலையைக் கொண்டு 1921-இல் ஒரு சிறு உணவகம் திறந்தார். உணவகங்களுக்கு விண்மீன்கள் வழங்கி மதிப்பிடும் மிஷ்லென் வழிகாட்டி என்னும் நூல், 1933-இல் அவர் நடத்திய இரு உணவகங்களுக்கும் மிக உயர்ந்த மதிப்பான மும்மூன்று விண்மீன்களை அளித்தது. உலகறிந்த சமையற்கலைஞரான பால் பொக்கூஸ் இளமையில் அவரிடம் தொழில் பயின்றவர். அம்மையார் 1977-இல் காலமானார். "பெருஞ்செல்வர்களின் கலை என்று எண்ணாதீர்கள், தந்தையே. லியோனின் சமையல் வேலைக்காரப் பெண்களின் கையில் வளர்ந்தது. அவர்களை இன்றும் 'லியோனின் அன்னையர்' என்றே அழைக்கிறோம்" என்றார் பெரியவர்.

கோழிக்குப்பின் சக்கர வண்டியில் பாற்கட்டிகள் ஊர்வலம் வந்தன. பின்னர் ஒரு பணியாளர் மெல்லிய வெள்ளித் தகட்டால் மேசைத்துகிலின்மேல் சிந்தியிருந்த அப்பத் துணுக்குகளை ஓசையின்றி வழித்தெடுத்துச் சென்றார். அத்துணுக்குகளைக் கண்டபோது, செல்வரின் மேசையிலிருந்து விழுவனவற்றுக்காக ஏங்கிய இலாசர் நினைவுக்கு வந்தார். கடைசியாய், இளஞ்சிவப்பு நிறச் சர்க்கரை பூசிய வாதுமைகளாலான லியோனின் இனிப்பு. மூன்று மணி நேரம் கடந்திருந்தது. இவ்வாறு வரிசையாக, உரையாடலோடு உண்ணும் பிரெஞ்சு மக்களின் விருந்து முறையை 2010-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு மானிட குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது என்பதையும் பெரியவர் சொல்லக் கேட்டோம்.

அவர் கட்டணம் செலுத்தும்வரை நாம் வெளியே காத்திருந்தோம். கடுங்குளிர். வாயிற்சுவரில் சிறு விளக்கின்கீழ், கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அட்டை மாட்டப்பட்டிருந்தது. விலைப்பட்டியலை வெளியே வழிப்போக்கர் காணுமாறு வைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். உள்ளே நமக்கு மறைக்கப்பட்டிருந்தது வெளியே தெளிவாய் எழுதியிருந்தது. நாம் உண்ட விருந்துக்கு ஆள் ஒன்றுக்கு 180 யூரோ. அந்நாளைய கணக்கில் நம் பணத்தில் 14,000 ரூபாய்க்கு மேல். நூறு நாள் வேலைக்கு அவ்வாண்டு தமிழகத்தில் நாள் ஒன்றுக்கு 224 ரூபாய் கூலி. அறுபது நாளுக்கு மேற்பட்ட கூலியை மூன்று மணி நேரத்தில் நாம் ஒருவரே உண்டிருந்தோம்!

பெரியவர் மேலங்கியை அணிந்தவாறே மலர்ந்த முகத்துடன் வெளியே வந்தார். நாம் அந்த அட்டையைச் சுட்டிக்காட்டி, "இந்தப் பணத்தை எனக்குத் தந்திருந்தால் எங்கள் பங்கில் ஓர் ஏழைக் குடும்பம் இரண்டு மாதம் உண்டிருக்கும்" என்றோம்.

அதுதான் அந்தச் சொல். பொய்யான சொல்லன்று, கணக்கில் பிழையுமில்லை. ஆயினும் அவர் முகத்திலிருந்த மலர்ச்சி அணைந்து போயிற்று. சற்று நேரம் கழித்து, "எனக்கு வேறு வழி தெரியவில்லை, தந்தையே" என்று மட்டும் சொன்னார். தங்கியிருந்த இடம்வரை இருவரும் பேசவில்லை.

மறுநாட் காலை சுமார் 40 கிலோமீட்டர் வடக்கேயுள்ள ஆர்ஸுக்குப் புறப்பட்டோம். வழியிலும் பேச்சு அதிகமில்லை. நம் உள்ளமோ நம்மை நியாயப்படுத்திக்கொண்டேயிருந்தது. லியோன் பட்டுத்தொழிலாளர்களை நினைத்தோம். 1822-இல் இந்நகரத்துப் பெண்மணி பவுலின் ஜாரிக்கோ தொடங்கிய விசுவாசப் பரப்புதல் சங்கத்தில், ஏழைத் தொழிலாளர்கள் பத்துப் பத்துப் பேராய்க் கூடி வாரம் ஒரு காசு ஈந்தனர். தொலைதூர நாடுகளில் எத்தனையோ ஆலயங்களும் பள்ளிகளும் அந்தக் காசுகளால் எழுந்தன. 2022-இல் திருச்சபை அவ்வம்மையாரை அருளாளராய் உயர்த்தியதை அன்பர்கள் அறிவீர்கள். காசின் அருமை அறிந்த நகரில் இத்தகைய ஊதாரித்தனமா என்று மனம் வாதாடியது.

ஆர்ஸ் சிறிய ஊர். 1818 பிப்ரவரியில் புனித வியான்னி அங்கே கால்வைத்தபோது ஏறக்குறைய 230 பேரே வாழ்ந்தனர். 1859 ஆகஸ்டு 4 அன்று அவர் இறக்கும்வரை அதுவே அவர் பங்கு. நாள்தோறும் பல மணி நேரம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து, நாடெங்குமிருந்து வந்தோரின் மனச்சுமையை இறக்கி வைத்தவர். உருளைக்கிழங்கைப் பல நாளுக்குச் சேர்த்து அவித்து வைத்துக்கொண்டு, ஆறிப்போனதையே உண்டு காலம் கழித்தவர். அவர் வாழ்ந்த எளிய இல்லத்தின் சமையலறை இன்றும் காக்கப்பட்டு வருகிறது. அதன்முன் நின்றபோது, 'பார்த்தீரா, நாம் சொன்னதே சரி' என்று நம் உள்ளம் வெற்றி முழக்கமிட்டது. புனிதரையே நம் கட்சிக்குச் சாட்சியாய் அழைத்துவிட்டோம்!

பேராலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யச் சென்றோம். வழக்கமான குறைகளோடு, முந்தின இரவு பெருந்தீனி உண்டதையும் ஏழைகளை மறந்ததையும் சொன்னோம். தொட்டிக்குள் இருந்த முதிய குரு அனைத்தையும் பொறுமையாய்க் கேட்டார். பின்னர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உமக்கு விருந்தளித்த மனிதருக்கு நன்றி கூறினீரா?"

நாம் கூறவில்லை. விருந்து முடிந்தபின் அவரிடம் நம் வாயிலிருந்து வந்த முதற் சொல் கணக்கு. இரண்டாவது சொல் வரவேயில்லை.

முழந்தாட்படியிட்டிருந்த நமக்குப் பெத்தானியாவில் நிகழ்ந்தது அப்போது நினைவுக்கு வந்தது. மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவருடைய பாதங்களில் பூசுகிறாள். முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒருவன் கணக்குச் சொல்கிறான். தெனாரியம் ஒரு நாட்கூலி. அவன் கணக்கும் தவறில்லை. அவன் பெயரை நாம் எழுத வேண்டியதில்லை. குருத்துவ வாழ்வில் எத்தனையோ ஆண்டுகள் அப்பகுதியை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். அவனுடைய குரலில் நாமே ஒருநாள் பேசுவோம் என்று எண்ணியதேயில்லை. ஏழைகளின் பெயரால் பேசினோம் என்பது மெய். ஆனால், 'எனக்குத் தந்திருந்தால்' என்றல்லவா தொடங்கினோம்! பகிர்ந்தளிக்கும் கையாகவே இருந்து பழகிவிட்ட குருவுக்கு, வாங்கிக்கொள்ளும் கையாய் இருப்பது கூச்சம் தந்தது. அந்தக் கூச்சத்துக்கு ஏழையின் ஆடையைப் போர்த்திவிட்டோம்.

வெளியே வந்தோம். குளிருக்கு அஞ்சிப் பெரியவர் காருக்குள் அமர்ந்திருந்தார். மடியில் தாளில் சுற்றிய நீண்ட ரொட்டியும் ஒரு துண்டுப் பாற்கட்டியும் இருந்தன. அன்றாடம் அவருடைய மதிய உணவு அவ்வளவே. நம்மைக் கண்டதும் ரொட்டியை இரண்டாய்ப் பிட்டு ஒரு பாதியை நீட்டினார். அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "நேற்றைய விருந்துக்கு நன்றி. அதற்கு நன்றி சொல்லாததற்காக என்னை மன்னிக்க வேண்டும்" என்றோம்.

அதன்பின்னரே அவர் மனம் திறந்தார். பாட்டியாரின் தம்பி 1912-இல் புறப்பட்டார். அக்காலத்தில் வேதபோதக குருக்கள் பாரிஸிலிருந்து புறப்படும் நாளில், உற்றாரும் நண்பரும் வரிசையாய் வந்து அவர்களுடைய பாதங்களை முத்தமிட்டு விடைகொடுப்பது வழக்கம். பெரும்பாலோர் திரும்புவதில்லை. அவரும் திரும்பவில்லை. அன்றுமுதல் பாட்டியார், தாம் இறக்கும்வரை, ஒவ்வொரு கிறிஸ்துமஸ் இரவிலும் மேசையில் தட்டு ஒன்று கூடுதலாக வைப்பாராம். அதில் யாரும் அமர்வதில்லை. சிறுவனாயிருந்த இவர் ஒருமுறை அவ்விடத்தில் உட்காரப்போய் அடி வாங்கியதுண்டு. "அவர் எங்கள் மேசையில் ஒருபோதும் உண்ணவில்லை. உங்கள் மக்களே அவருக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சோறிட்டார்கள்; கடைசியில் மண்ணும் தந்தார்கள். அந்தக் கடனை நான் எதைக்கொண்டு தீர்ப்பேன்? எங்கள் நாட்டில் எங்களால் இயன்றவற்றுள் மிகச் சிறந்தது அந்த மேசைதான். அவ்விடத்துக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறேன். என் மனைவி உயிரோடிருந்தபோது, எங்கள் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டில். இரண்டாம் முறை நேற்று" என்றார்.

அப்போதுதான் தூக்குச்சட்டி ஏந்தி வந்த கைம்பெண் நம் கண்முன் வந்து நின்றார். ஒரே கோழி, முட்டையிடும் கோழி. அவர் கொடுத்ததையும் அவருக்கு எஞ்சியதையும் ஒப்பிட்டால், அந்த லியோன் கோழியைக் காட்டிலும் அது எத்தனையோ மடங்கு விலையுயர்ந்தது. அதை உண்டபோது நாம் ஒரு கணக்கும் போடவில்லையே! ஏழையின் கையிலிருந்து வருவது காணிக்கை, நமக்கு உரியது என்று பழகிவிட்டிருந்தோம். அந்த அம்மா நமக்குத் தந்ததும் விலை எழுதாத பட்டியல்தான். அன்போடு விருந்திடுவோர் எல்லாரும் விலையைத் தம் பக்கமே வைத்துக்கொள்கிறார்கள்.

இதனால், விலையுயர்ந்த விருந்துகள் யாவும் குற்றமற்றவை என்று நாம் முடிவுகட்டவில்லை. இலாசர் இன்னும் வாயிலில்தான் இருக்கிறார். அந்த 224 ரூபாய்க் கணக்கு இன்றும் நம் மனத்தை விட்டு நீங்கவில்லை, நீங்கவும் வேண்டாம். ஆனால் அக்கணக்கை முதலில் எங்கே போட வேண்டும் என்பதையே அப்பயணம் கற்பித்தது. பிறர் மேசையில் போட்டோம்; நம் மேசையில் போடவில்லை.

ஊர் திரும்பிய சில மாதங்களில் பங்குத் திருவிழா வந்தது. வழக்கம்போல் பாடற்பலி முடிந்தபின், வந்திருந்த குருக்களுக்கு அறைவீட்டு மாடியில் விருந்து. இலை முன் அமர்ந்தபோது சாளரத்தின் வழியே கீழே நோக்கினோம். மேளக்காரர்கள், சப்பரம் சுமந்தவர்கள், ஒலிபெருக்கி கட்டியவர், ஆலய வளாகம் கூட்டும் பெண்கள் ஆகியோர் வேப்பமரத்தடியில் காத்திருந்தனர். நாம் உண்டு முடித்து இறங்கியபின், எஞ்சியதைக் கொண்டு அவர்களுக்குப் பரிமாறுவது பல்லாண்டு வழக்கம். இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை திருவிழாக்கள்! லியோனில் ஒரே இரவில் கண்ட பிளவை, நம் வீட்டுத் திண்ணையில் ஒருமுறைகூட நாம் கண்டதில்லை.

அன்று இலையைவிட்டு எழுந்தோம். உடனிருந்த குருக்களிடம் இரண்டே சொற்களில் விளக்கினோம், அவர்களும் எழுந்தனர். அனைவரும் கீழிறங்கி, முற்றத்தில் பாய் விரித்து, ஒரே பந்தியில் அமர்ந்தோம். மேளக்காரர் ஒருவர் நம் அருகில் உட்காரத் தயங்கினார். இரண்டுமுறை எழுந்து எழுந்து நின்றார். அந்தத் தயக்கம் நமக்கு நன்கு தெரிந்ததுதான். வெண்துகில் விரித்த மேசைமுன் கரண்டி வரிசையைக் கண்டு நாமும் அப்படித்தான் திகைத்தோம். கையைப் பிடித்து அமர்த்தினோம். அவ்வாண்டு முதல் நாம் பணியாற்றும் பங்கில் திருவிழாப் பந்தி ஒன்றே. எல்லாருக்கும் இது உவப்பாயில்லை. ஓரிருவர் விருந்துக்கு வராமலே போயினர். அது நமக்கு வருத்தமே. எனினும் வழக்கத்தை மாற்றவில்லை.

பெரியவர் 2022-இல் இறைவனடி சேர்ந்தார். அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு அவர் எழுதிய கடிதமே கடைசிக் கடிதம். நடுங்கும் எழுத்தில், அவ்வாண்டு தம் மேசையில் மீண்டும் ஒரு தட்டு கூடுதலாக வைத்ததாயும், இம்முறை அது நமக்காக என்றும் எழுதியிருந்தார். இறப்புச் செய்தி வந்த அன்று மாலை, அவருடைய முன்னோரின் கல்லறையருகே பங்குமக்களோடு நின்று அவருக்காகச் செபித்தோம். அந்தக் கைம்பெண்ணும் வந்திருந்தார். செபம் முடிந்ததும் நம்மிடம் வந்து, "சாமி, அந்த ஊர்ல உங்களுக்குச் சோறு போட்டவரா?" என்று கேட்டார்.

"ஆம், அம்மா" என்றோம்.

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி, குனிந்து அக்கல்லறையின்மேல் கிடந்த சருகுகளைக் கையால் ஒதுக்கிவிட்டுச் சென்றார்.